அரைக் கட்டை ஏறிப் போன குரல்

போன மாதம் கம்பெனியிலிருந்து நித்யா கூப்பிட்டிருந்தாள். நான் விட்டுவந்த வேலையை இப்போது பார்க்கிற பெண். பழைய ஒலிநாடா ஒன்றைக் கொடுத்தால், அது எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று தானே கணக்குப் பார்த்துச் சொல்லும் மென்பொருள் வந்திருக்கிறதாம்.

"அண்ணே, நீங்கல்லாம் காதை வெச்சே எப்படிண்ணே வேகம் சொன்னீங்க? புதுசா வந்த பிள்ளைங்க கேக்குதுங்க. நாலு பக்கம் எழுதிக் குடுங்களேன்" என்றாள்.

எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். நான் ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டவன், ஆனாலும் எழுத வரும். காது சரியாகச் சொன்ன இசைத்தட்டுகளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. சரியாக இருந்தது, வெளியே வந்தது, அவ்வளவுதான். தப்பாகச் சொன்னது ஒன்று உண்டு. அதைத்தான் எழுத வேண்டும்.

வாழப்பாடிக்குக் கிழக்கே எங்கள் ஊர். அப்பா அம்மா இரண்டு பேரும் கூலி. பள்ளிக்கூடத்தை விட்டதும் சூரமங்கலத்தில் ஒரு ரேடியோ செட் கடையில் சேர்ந்தேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் நோம்பி என்று எங்கே விசேஷம் நடந்தாலும் வேப்பமரத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டி, மூன்று நாள் தட்டு ஓட்டுவது எங்கள் தொழில். எட்டு வருடம் இருந்தேன். பிறகு லாரியில் கிளீனர். பிறகு ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு போர் வண்டி. மத்தியப் பிரதேசம், ஒரிசா, ராஜஸ்தான் என்று துளை போட்டுக்கொண்டே திரிந்தேன். வலது கை மோதிர விரலின் நுனி ராய்ப்பூர் பக்கம் ஒரு குழாய்க்கு அடியில் போயிற்று. வீட்டில் கல்யாணம் செய்து வைத்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வருகிறவனோடு எவள் இருப்பாள்? அவள் இரண்டு வருடம் இருந்ததே அதிகம்.

போன ஊரிலெல்லாம் பழைய சாமான் சந்தையில் தமிழ்த் தட்டு கிடைத்தால் வாங்குவேன். ரயில்வேயிலும் ஆலைகளிலும் வேலைக்குப் போன நம் ஆட்கள் விட்டுவிட்டு வந்தவை. போர் வண்டிக்கு அடியில் படுக்கும்போது லுங்கியில் சுற்றித் தலைமாட்டில் வைத்துக்கொள்வேன். வண்டியில் எல்லோரும் சிரிப்பார்கள். கேட்க மெஷின் கிடையாது. இருந்தாலும் வாங்கினேன்.

அந்தத் தட்டுகளால்தான் விசுவம் சார் என்னைத் தேடி வந்தார். வானொலியில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மறந்துபோன பழைய தட்டுகளைத் துலக்கி, மறுபடியும் பெரிய கருப்புத் தட்டாகவே அச்சிட்டு வெளியிடும் சின்னக் கம்பெனி ஒன்றைச் சென்னையில் நடத்திவந்தார். சார், நான், தபால் பார்க்கும் ஒரு அம்மா, மூன்று பேர்தான். என் வேலை தேடுவது. தட்டைத் தேட வேண்டும், நாடாவைத் தேட வேண்டும், பாடியவரைத் தேட வேண்டும். பாடியவர் இல்லையென்றால் அவர் பிள்ளைகளைத் தேடிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு இடத்தில் கால் தங்காத எனக்கு அது ஏற்ற வேலை. பதினோரு வருடம் பார்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு காலம் நான் வேறெங்கும் இருந்ததில்லை.

சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சட்டையில் கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டிருப்பார். நாடாவைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவி, துடைக்காமல் காற்றில் காயவிடுவார். துண்டின் நூல் ஒட்டிவிடும் என்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நான் தப்புச் செய்தால், "துரை, அதை இன்னொரு தடவை செய்யலாமா?" என்பார். அந்த ‘லாமா’வுக்கு நான் பயப்படுவேன். போர் வண்டி மேஸ்திரியின் கெட்ட வார்த்தைக்குக்கூட அவ்வளவு பயந்ததில்லை.

அவரிடம் ஒரு விதி இருந்தது. அச்சுக்குப் போகுமுன் தொழிற்சாலையிலிருந்து சோதனைத் தட்டு ஒன்று வரும். அதைப் பாடியவரிடமோ, பாடியவரை நேரில் கேட்டுப் பழகியவரிடமோ போட்டுக் காட்டி, அவர் சரி என்று சொன்ன பிறகுதான் மற்றதெல்லாம். "மெஷினுக்கு அந்த அம்மாவைத் தெரியாது, துரை. எனக்கும் தெரியாது" என்பார்.

செல்லாயி அம்மாளின் தட்டை எனக்குச் சூரமங்கலத்திலேயே தெரியும். நடவுப் பாட்டும் கும்மியும் தாலாட்டுமாக ஒன்பது பாட்டு. ஒரு ஆர்மோனியம், ஒரு உறுமி, ஒரு குரல். சேலத்துக்காரர் ஒருவர் ராசிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பதிவு செய்து வெளியிட்டது. எங்கள் கடையில் அதை நோம்பிக்கு நோம்பி போட்டோம். ஆயிரம் முறையாவது நான் முள் வைத்திருப்பேன். கடை மூடியபோது அந்தத் தட்டும் எங்கோ போயிற்று. பிறகு எத்தனையோ ஊரில் தேடியும் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. அது வெயிலில் அப்பளமாக வளைந்திருந்தது. முள் நிற்கவில்லை.

தட்டு கிடைக்காததால் ஆளைத் தேடினேன். உறையில் ‘கோனூர் செல்லாயி’ என்று இருந்தது. கோனூரில் விசாரித்ததில், கட்டிக்கொடுத்த இடம் மேட்டூர் என்றார்கள். மேட்டூரில் அணைப் பூங்காவுக்குப் பக்கத்தில் மீன் வறுவல் கடை வைத்திருக்கும் மல்லிகாவிடம் போய்ச் சேர்ந்தேன்.

"வாங்கண்ணா, கட்லா இருக்குது, ஜிலேபி இருக்குது. எது போடட்டுங்க?"

"மீன் வேண்டாம்மா. செல்லாயி அம்மாவைப் பார்க்கணும்."

"எங்கம்மாளையா?" கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அதைத் தேடிக்கிட்டு ஆரும் வரமாட்டாங்களே. ஓட்டு லிஸ்ட்டுங்களா?"

கடைக்குப் பின்னால் ஒரு அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். எழுபதை நெருங்கிய வயது. கழுத்தில் ஒரு வெள்ளைத் துணி, குழந்தைக்கு மார்த்துணி கட்டுகிற மாதிரி. நான் வந்த காரியத்தைச் சொன்னதும் அவர் சிரித்தார். உடம்பு குலுங்கியது, சத்தம் வரவில்லை.

"எங்கம்மா பேசாதுங்கண்ணா. தொண்டையில கட்டி வந்து, கொரல்பெட்டியவே எடுத்துப்போட்டாங்க. அந்தத் துணிக்கு அடியில ஓட்டை இருக்குது, அதுலதான் மூச்சு உடுது. அப்ப எனக்கு ரெண்டு வயசு" என்றாள் மல்லிகா.

பிறகு அவளே சொன்னாள். அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்ததும், தன் தட்டு எதுவும் கண்ணில் படக்கூடாது என்று செல்லாயி அம்மாள் சாடை காட்டியிருக்கிறார். வீட்டிலிருந்த தட்டுகளை அவர் கணவர் எடுத்துப் போய் ரேடியோ செட் கடைகளுக்குக் கொடுத்துவிட்டார்.

"எங்கம்மா கொரலு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதுங்கண்ணா. எங்கப்பா இருக்கறப்ப கேட்டுப் பாத்திருக்கறேன். ‘நல்லா இருக்கும் அம்மிணி’ம்பாரு. நல்லா இருக்கும்னா எப்படி இருக்கும்? அதைச் சொல்லத் தெரியாது அவருக்கு."

செல்லாயி அம்மாள் எழுந்து உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தார். உள்ளே ஒரு ஒலிநாடாச் சுருள். பதிவு செய்த சேலத்துக்காரர் சாகுமுன் கொண்டுவந்து கொடுத்தாராம். தட்டையெல்லாம் வீட்டைவிட்டு அனுப்பிய செல்லாயி அம்மாள் இதை மட்டும் வைத்திருந்தார். அது என்ன என்று மல்லிகாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

"ஏம்மா, இத்தனை வருசமா எங்கிட்டச் சொல்லாம வெச்சிருந்தியா நீ?"

அம்மா உதட்டை மட்டும் அசைத்தார். மல்லிகா அதைப் படித்து எனக்குச் சொன்னாள்: "போட்டுக் கேக்க மிசினு எங்கே இருக்குதுன்னு கேக்குது."

சென்னைக்கு எடுத்து வந்து பார்த்தபோது நாடா பிசுபிசுத்துப் போயிருந்தது. அப்படியே ஓட்டினால் உரிந்துவிடும். நாமக்கல்லில் கோழிக்குஞ்சுப் பண்ணைச் சாமான் விற்கும் கடையில், சூட்டை ஒரே அளவில் நிறுத்தும் கருவி ஒன்றை நான் முன்பே வாங்கிக் கொடுத்திருந்தேன். சார் அதை ஒரு மரப்பெட்டியில் வைத்து, நான்கு குண்டு பல்பு மாட்டி, நாடாவை எட்டு மணி நேரம் இளஞ்சூட்டில் வைத்தார். அரை மணிக்கு ஒரு முறை பெட்டிக் கண்ணாடி வழியாகச் சூட்டைப் பார்த்துப் பென்சிலால் குறித்தார். சாப்பாட்டைப் பக்கத்திலேயே வைத்துச் சாப்பிட்டார். ஆறவிட்டு மறுநாள் ஓட்டியபோது ஒன்பது பாட்டும் வந்துவிட்டது.

முதல் பாட்டின் முதல் வரியிலேயே நான் அழுதேன். சார் நான் முடிக்கும் வரை காத்திருந்தார்.

பிறகு சொன்னார்: "துரை, ஒரு சந்தேகம். அடியில ஒரு கரண்ட் இரைச்சல் கேக்குது பாருங்க. அது இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் மேல இருக்கு. பதிவு பண்ண அன்னிக்கு அந்த மண்டபத்துல கரண்ட் சோர்ந்து, மெஷின் மெதுவா ஓடியிருக்கணும். அப்படின்னா இப்ப நாம கேக்குறது நிஜத்தைவிட வேகம்." பாட்டைச் சற்று மெதுவாக்கிப் போட்டுக் காட்டினார். குரல் கனத்து இறங்கி வந்தது.

எனக்கு அது அந்நியமாக இருந்தது. யாரோ தூக்கக் கலக்கத்தில் பாடுவது போல. "இல்லீங்க சார். முதல்ல கேட்டதுதான் சரி. இந்தத் தட்டை நான் ஆயிரம் தடவை போட்டிருக்கேன். எனக்குத் தெரியாதா?" என்றேன்.

சார் கொஞ்ச நேரம் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தார். "நீங்க கேட்டவர். நான் கணக்குப் போடுறவன்" என்றார். வேகமான பதிவில் சோதனைத் தட்டு போடச் சொன்னார். மெதுவான பதிவை ஒரு பென் டிரைவில் போட்டு என்னிடம் தந்தார்.

"ரெண்டையும் அந்த அம்மாவுக்குப் போடுங்க. உங்களுக்கு எது பிடிச்சிருக்குன்னு காட்டிக்காதீங்க. முகத்தைப் பாக்காதீங்க, கையைப் பாருங்க. பாடினவங்க கை பொய் சொல்லாது."

மூன்று மாதம் கழித்துச் சோதனைத் தட்டு வந்தது. கையில் தூக்கிப் போகிற தட்டு மெஷின் ஒன்றோடு மேட்டூர் போனேன். அன்று மல்லிகா கடை போடவில்லை. அவள் வீட்டுக்காரர் பரிசலை மீன் துறையில் போட்டுவிட்டு வந்திருந்தார். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம். செல்லாயி அம்மாள் புதுத் துணி ஒன்றைக் கழுத்தில் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

நடவுப் பாட்டைப் போட்டேன்.

மல்லிகா வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அம்மா... அம்மோவ்... இது நீயா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நாற்பது வயதுக்கு மேலான பெண், அம்மாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். சின்னப் பேத்தி பயந்து போய், "ஏம்மா அழுவற? ஆத்தா நல்லாத்தானே பாடுது?" என்றாள்.

நான் கையைப் பார்த்தேன். சார் சொன்னபடி பார்த்தேன். செல்லாயி அம்மாளின் வலது கை கட்டில் சட்டத்தில் தாளம் போட்டது. ஒவ்வொரு அடியும் பாட்டுக்கு ஒரு நூலளவு பின்னால் விழுந்தது. பாட்டு முன்னே போக, கை பின்னாலேயே வந்தது. வயதாகிவிட்டது, கை தளர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பாட்டு முடிந்ததும் அவர் மறுபடி போடச் சொல்லிச் சாடை காட்டினார். போட்டேன். கை மறுபடியும் பின்னால் விழுந்தது. பிறகு நின்றது. அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முழங்காலில் முகம் புதைத்திருந்த மகளை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

பென் டிரைவ் என் சட்டைப் பையில் இருந்தது. அதை நான் எடுக்கவில்லை. அந்த வீட்டில் அப்போது இருந்த சந்தோஷத்தின் நடுவில், ‘இன்னொரு மாதிரியும் இருக்கிறது, அதையும் கேளுங்கள்’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது ஒரு காரணம். என் காதின் மேல் எனக்கு இருந்த கர்வம் இன்னொரு காரணம். எது பெரிய காரணம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பேருந்து நிலையத்திலிருந்து சாருக்குப் போன் செய்தேன்.

"ரெண்டையும் போட்டீங்களா?"

"போட்டேன் சார்."

"கை?"

"சரியா விழுந்தது சார்."

"நல்லது துரை. அச்சுக்குச் சொல்லிடறேன்."

தட்டு வெளியே வந்தது. பத்திரிகையில் இரண்டு பேர் நன்றாக எழுதினார்கள். கம்பெனி சார்பில் மல்லிகா வீட்டுக்குத் தட்டுகளும் ஒரு மெஷினும் கொடுத்தோம். அடுத்த ஆறு மாதத்தில் நான் இரண்டு முறை அந்தப் பக்கம் போனேன். மீன் கடையில் அந்தப் பாட்டுத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மல்லிகாவின் போன் அந்தக் குரலில்தான் அடித்தது. அணை பார்க்க வருகிறவர்களிடம், "ஆருன்னு நெனச்சீங்க? எங்கம்மாளாக்கும்" என்று பின்னால் கைகாட்டுவாள். பெரிய பேத்தி ஒன்பது பாட்டையும் மனப்பாடம் செய்திருந்தாள். அதே சுருதியில், அதே வேகத்தில். செல்லாயி அம்மாள் பூண்டு உரித்துக்கொண்டு கேட்டிருப்பார். கை தாளம் போட்டு நான் மறுபடி பார்க்கவில்லை.

மாசி மாதம் அவர் இறந்தார். மூச்சுத் திணறல் என்றார்கள். கருமாதிக்குப் போயிருந்தேன். பந்தலுக்கு வெளியே குழாய் கட்டி அவருடைய தட்டையே போட்டிருந்தார்கள். வெள்ளைத் துண்டு போட்ட முதியவர் ஒருவர் பந்தல் காலைப் பிடித்து நின்றபடி, குழாயையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் தச்சு வேலை பார்த்தவராம். பெயர் அர்த்தனாரி. அந்தத் தட்டில் ஆர்மோனியம் வாசித்தவர். உறையில் ‘குழுவினர்’ என்று மட்டும் இருந்ததால் நான் அவரைத் தேடவே இல்லை.

கம்பெனி ஆள் என்று என்னைக் காட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் வந்தார்.

"ஏனுங்க தம்பி, இது ஆருங்க பாடறது?"

"செல்லாயி அம்மாதானுங்க."

"பாட்டு செல்லாயி பாட்டுத்தான். பாடறது ஆருன்னு கேக்கறேன்."

நானும் குழாயை அண்ணாந்து பார்த்தேன்.

"நானு வாசிச்சது நாலு கட்டை சுருதிங்க. அதுக்கு மேல போனா அந்தப் புள்ளைக்குத் தொண்டை கட்டும்னு, நாலுலயே நிறுத்தி வாசிப்பேன். இது நாலரையும் தாண்டி நிக்குது. அது கொரலு கனமுங்க, தம்பி. கெணத்துல மாடு கட்டிக் கவலை இறைக்கற சாலு மாதிரி, தண்ணி நெறஞ்சு, மெதுவா மேல வரும். இதென்னமோ கிளி கத்தறாப்புல இருக்குது. என்ற ஆர்மோனியமே எனக்கு அடையாளம் தெரியலீங்க."

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க சாமி. எழவு ஊட்டுல இதைப் பேசப்படாது. பேசாம இருக்க முடியலை."

அந்த நிமிடத்தில்தான் எனக்குச் சூரமங்கலம் கடையின் பிளாஸ்திரி நினைவு வந்தது.

அந்தக் காலத்தில் கிராமத்துப் பக்கம் மின்சாரம் சோர்ந்து வரும். தட்டு இழுக்கும், பாட்டு தொய்யும். அதற்கு ரேடியோ செட்காரர்கள் எல்லோரும் ஒரு வேலை செய்வோம். மெஷினுக்குள் மோட்டார் தண்டின் மேல், புண்ணுக்குப் போடுகிற பிளாஸ்திரியை இரண்டு சுற்றுச் சுற்றிவிடுவோம். தண்டு தடித்தால் தட்டு வேகமாகச் சுற்றும், தொய்வு போய்விடும். மின்சாரம் சரியாக வரும் டவுனுக்குத் திரும்பினால் அதை உரித்து எடுக்க வேண்டும். யாரும் எடுப்பதில்லை. வேகமாக ஓடினால் குழாயில் குரல் எடுப்பாகக் கேட்கும், கூட்டத்துக்கும் அதுதான் பிடிக்கும். சூரமங்கலம் கடையில் எட்டு வருடமும் அந்த மெஷினுக்குப் பிளாஸ்திரி சுற்றியவன் நான்தான். பழைய தட்டை அச்சிடும்போது சேலத்துக்காரர் வேகத்தைச் சரிசெய்தே இருந்தாலும், நான் ஆயிரம் முறை கேட்ட செல்லாயி, பிளாஸ்திரி சுற்றிய செல்லாயி. நிஜக் குரலை நான் ஒரு நாளும் கேட்டதே இல்லை.

சென்னைக்குப் போய்ச் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிளாஸ்திரியைச் சொன்னேன். பின்னால் விழுந்த கையைச் சொன்னேன். பென் டிரைவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை என்பதையும் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். "காது ஏமாறும். எனக்கும் ஏமாந்திருக்கு. அதுக்காகத்தான் அந்த விதி" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அந்த அம்மா உயிரோட இருக்கறப்பவே சொல்லியிருக்கலாமா, துரை?" என்றார். அதன் பிறகு ஒரு வாரம் வேலைக்கு வேண்டியதைத் தவிர என்னிடம் பேசவில்லை.

வேகத்தைத் திருத்திப் புதிய சோதனைத் தட்டு வந்தது. இந்த முறை சாரும் வந்தார். நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறையில், பாதி எழும்பிய லாரிக் கூண்டுக்கு அடியில் அர்த்தனாரியை உட்கார வைத்தோம். அவர் மகன்தான் இப்போது பட்டறை பார்க்கிறார். "எல்லாம் கொஞ்சம் நிறுத்துங்கப்பா, எங்கப்பா பாட்டுக் கேக்கோணுமாம்" என்று கத்தினார். வாள் மெஷின் நின்றது. வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தவர்கள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்கள்.

பாட்டு தொடங்கியதும் அர்த்தனாரி பக்கத்திலிருந்த தேக்குப் பலகையைத் தொடைமேல் இழுத்து வைத்துக்கொண்டார். விரல்கள் அதன்மேல் ஓடின. கட்டை கட்டையாக அழுத்தி, விட்டு, அழுத்தி. ஒரு இடத்தில் குரல் மூச்சு வாங்க நிற்கிறது. அங்கே அவர் விரலும் நின்று, காத்திருந்து, குரலோடு சேர்ந்து கிளம்பியது. பாட்டு முடிந்தது. பலகையில் மரத்தூளின் மேல் விரல் தடங்கள் இருந்தன.

"இதுதானுங்க" என்றார். சார் எழுந்து நின்று அவரைக் கும்பிட்டார்.

திருத்திய தட்டு வெளிவந்ததும் முதல் பிரதியை நானே மேட்டூருக்கு எடுத்துப் போனேன். மல்லிகாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை. "போடுங்க பாக்கலாம்" என்றாள்.

போட்டேன். அந்தக் கனத்த குரல் வீட்டுக்குள் வந்தது. நிறைந்து, மெதுவாக. மல்லிகா சுவரில் சாய்ந்து நின்று கேட்டாள். பாதிப் பாட்டு வரை முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பெரிய பேத்தி சேர்ந்து பாடப் பார்த்தாள். சுருதி சேரவில்லை, விட்டுவிட்டாள். சின்னவள், "அம்மா, இது ஆத்தா இல்ல. வேற ஆரோ" என்றாள்.

மல்லிகா வந்து முள்ளைத் தூக்கினாள்.

"அண்ணா, நீங்க சொல்றது நெசமாத்தான் இருக்கும். அந்தப் பெரியவரு பொய் சொல்ல மாட்டாரு. ஆனா இதை எம்மடியில வெச்சுக்க எனக்கு முடியலீங்கண்ணா. அம்மா செத்த அன்னிக்கு, தலைமாட்டுல ஒக்காந்து நானு கேட்டது அந்தக் கொரலுங்க. நாப்பது வருசம் எனக்கு ஒரு கொரலுமில்லை. ஒண்ணு குடுத்தீங்க. இப்ப வந்து அது அவ இல்லைன்னா நான் என்னங்க பண்ணட்டும்?"

"இதுதாம்மா அவங்க குரல்" என்றேன். எனக்கே என் குரல் கெஞ்சுவது போல இருந்தது.

"அது எனக்குத் தெரியாதே. தெரிஞ்சது ஒருத்தருக்குத்தான். அதுதான் தலையாட்டிட்டுப் போயிருச்சே."

தட்டை உறைக்குள் போட்டு, மூலை மடங்காமல் பார்த்து, அவளே என் பையில் வைத்தாள். கிளம்பும்போது, "சாப்பிட்டுட்டுப் போங்கண்ணா, மீனு வறுத்துத் தாரேன்" என்றாள். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். நான் சாப்பிடும்போது பெரியவள் பழைய தட்டைப் போட்டாள்.

அடுத்த ஆண்டு வேலையை விட்டேன். சார் என்னை நிறுத்தவில்லை, போகச் சொல்லவுமில்லை. வெளியுலகத்துக்குப் போவது இப்போது திருத்திய தட்டுத்தான். அதுதான் செல்லாயி அம்மாள் என்று இனிக் கேட்பவர்கள் அறிவார்கள். அந்த ஒரு வீட்டில் மட்டும் அப்படியில்லை.

நித்யா, நீ கேட்டதற்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். காதை நம்பாதே என்று சொல்லமாட்டேன். அந்தக் காது அதற்கு முன் எந்த மெஷினில் கேட்டது என்று விசாரி. இரண்டு பதிவு கையில் இருந்தால் இரண்டையும் போடு, எவ்வளவு பேர் அழுதாலும் போடு. தாளம் பின்னால் விழுந்தால், தளர்ந்தது கை என்று முடிவு செய்யாதே.

மல்லிகா என் பையில் வைத்த தட்டு சேலத்தில் என் அறையில் இருக்கிறது. அவ்வப்போது போடுகிறேன். அதுதான் சரியான வேகம், நாலு கட்டை, அர்த்தனாரி சாட்சி. எனக்குத் தெரியும். ஆனாலும் முதல் வரி வந்ததும் பாட்டு இழுக்கிறது என்றே என் காது சொல்கிறது. கை தன்னால் மெஷினின் வேகத் திருகைத் தேடிப் போகிறது. அந்தக் கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, பாட்டு முடியும் வரை உட்கார்ந்திருக்கிறேன்.